ஃபாரோவின் தேரும் தாலமியின் ஈட்டியும்

பிரிட்டனைச் சேர்ந்த கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் 2004இல் வெளியிட்ட ‘ரோம்: டோட்டல் வார்’, பழங்காலப் போரைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்த வியூக விளையாட்டுகளில் மிகவும் புகழ்பெற்ற ஒன்று. அதன் கதை கி.மு. 270இல் தொடங்குகிறது. எகிப்தின் பக்கம் நின்று விளையாடுபவருக்கு ஃபாரோவின் காவலர்கள், பாலைவனக் கோடரி வீரர்கள், நைல் கரை ஈட்டிக்காரர்கள், தேரில் ஏறி அம்பு தொடுக்கும் வில்லாளிகள் ஆகியோர் கிடைக்கிறார்கள். அவர்களுடைய உடையும் கேடயமும் பழைய எகிப்தியக் கோயில் சுவர்களின் புடைப்புச் சிற்பங்களை நினைவூட்டும். கண்ணுக்கு நிறைவான படைதான். ஆனால் அது இரண்டாம் ராமசேஸ் கி.மு. 1274இல் காதேஷ் களத்துக்கு நடத்திச் சென்ற படையின் சாயல். விளையாட்டு சொல்லும் ஆண்டுக்கும் அந்தப் படைக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. ராஜராஜனின் படையை இன்றைய எல்லைக் காவலில் நிறுத்தினால் எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை இது.

கி.மு. 270இல் எகிப்தை ஆண்டவர் இரண்டாம் தாலமி. அலெக்சாந்தரின் தளபதியாக இருந்த முதலாம் தாலமியின் மகன். கிரேக்கம் பேசிய அரச மரபில் வந்து, கடலோர நகரமான அலெக்சாந்திரியாவிலிருந்து ஆட்சி செய்தவர். அவருடைய படையின் முதுகெலும்பு, நீண்ட ஈட்டியை இரு கைகளாலும் பற்றித் தோளோடு தோள் நெருக்கி நிற்கும் மக்கெடோனியக் காலாட்படை. கிரேக்கர்கள் அந்த அணிவகுப்பை ஃபாலங்ஸ் என்றார்கள். அதன் வீரர்களில் பலர் மக்கெடோனியாவிலிருந்தும் கிரேக்க நகரங்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அரசர் அவர்களுக்கு ஃபயூம் போன்ற பகுதிகளில் நிலம் கொடுத்தார். அதற்கு ஈடாக, அழைத்தபோது அவர்கள் ஆயுதத்தோடு வந்து நிற்க வேண்டும். தேர் வில்லாளிகளுக்கு அந்தப் படையில் இடமில்லை. கி.மு. 331இல் கௌகமேலாவில் பாரசீகர்கள் ஏவிய 200 அரிவாள் தேர்களை அலெக்சாந்தரின் வீரர்கள் அணியைத் திறந்து வழிவிட்டே முடக்கினார்கள். அந்தப் பகுதியில் போரின் போக்கைத் தேர் தீர்மானித்த காலம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது.

இதை உடைப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. வியூக விளையாட்டில் வரும் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒரு சமூகத்தைப் பற்றிய கூற்று. அந்தச் சமூகம் யாரை ஆயுதம் ஏந்த அழைத்தது, அவர்களுக்குக் கைம்மாறாக என்ன கொடுத்தது, எத்தனை பேரைத் திரட்ட முடிந்தது, இதெல்லாம் எந்தக் காலத்தில் நடந்தது என்ற நான்கு கேள்விகளுக்கும் திரையில் நகரும் அந்தச் சிறு உருவம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேடயத்தின் நிறம் தவறினால் பெரிய நட்டமில்லை. இந்த நான்கு பதில்களில் ஒன்று தவறினால் ஒரு மக்களின் வரலாறே வேறாகிவிடும். இப்படிப்பட்ட விளையாட்டுகளின் நேர்மையை அளக்க வேண்டிய இடம் இதுதான் என்பதே என் வாதம். அளக்க வேண்டிய தேவையும் இருக்கிறது. பிபிசியின் ‘டைம் கமாண்டர்ஸ்’ தொடரும் ஹிஸ்டரி சேனலின் ‘டிசிசிவ் பேட்டில்ஸ்’ தொடரும் பழங்காலப் போர்களைக் காட்டுவதற்கு இதே ‘ரோம்: டோட்டல் வார்’ விளையாட்டின் மென்பொருளைத்தான் பயன்படுத்தின. விளையாட்டுக்கென உருவான படங்கள் வரலாற்றுப் பாடமாக வீட்டுக் கூடத்துக்குள் வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

எகிப்தின் விஷயத்தில் தவறியது காலம். வேறு சில படைப்பிரிவுகளில் தவறு வேறு வகை: என்றோ ஒருநாள் நடந்த நிகழ்ச்சி நிரந்தரப் படையாகிவிடுகிறது. இந்த விளையாட்டில் ரோமானியர்கள் ‘தீப்பற்றிய பன்றிகள்’ என்ற படைப்பிரிவைத் திரட்டலாம். யானைகள் எதிரே வரும்போது பன்றிகள் மீது நெருப்பு வைத்து ஓடவிட்டால் யானைகள் மிரண்டு சொந்தப் படையையே மிதிக்கும். இதற்குப் பின்னால் சான்று இருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மக்கெடோனிய அரசர் ஆன்டிகோனஸ் கொனாட்டஸ் மெகாரா நகரை முற்றுகையிட்டபோது, ஊர்க்காரர்கள் பன்றிகள் மீது கீல் பூசித் தீவைத்து அவருடைய யானைகளை நோக்கி விரட்டினார்கள் என்று பாலியேனஸ், ஏலியன் ஆகிய இருவரும் எழுதியிருக்கிறார்கள். இருவரும் அந்த முற்றுகைக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர்கள். அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றாலும் அது சூழப்பட்ட ஒரு நகரம் வேறு வழியின்றிச் செய்த தந்திரம். பாலியேனஸ் இன்னொரு செய்தியும் தருகிறார்: அதற்குப் பிறகு ஆன்டிகோனஸ் தன் இந்தியப் பாகர்களிடம், யானைகளோடு பன்றிகளையும் சேர்த்து வளர்த்துப் பழக்கும்படி உத்தரவிட்டாராம். எதிரி ஒரே முறையில் பாடம் கற்றுக்கொண்டான். பாசறை கட்டிப் பன்றிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருடக்கணக்கில் வைத்திருக்கும் படைப்பிரிவு, அந்தக் கதையிலிருந்தே வர முடியாத ஒன்று.

ஜெர்மானியர்களுக்கு ‘அலறும் பெண்கள்’ என்றொரு படைப்பிரிவு தரப்பட்டிருக்கிறது. அவர்கள் வெட்டுக்கத்தியோடு களத்தில் நின்று கூச்சலிட்டு எதிரியின் மன உறுதியைக் குலைப்பார்கள். கி.பி. 98இல் ‘ஜெர்மானியா’ நூலை எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ், ஜெர்மானிய வீரர்களின் குடும்பங்கள் களத்துக்கு அருகிலேயே இருந்தன, பெண்களின் குரல் வீரர்களின் காதில் விழுந்து அவர்களுக்கு ஊக்கம் தந்தது, காயம்பட்டவர்களை அந்தப் பெண்களே கவனித்தார்கள் என்கிறார். குடும்பங்கள் களத்தருகே இருந்து தம் வீரர்களுக்குத் துணைநின்ற நிலைமை அது. விளையாட்டு அதை ஆயுதமாக மாற்றிவிட்டது. பிரித்தானியர்களுக்குக் கிடைக்கும் ‘தலை எறிபவர்கள்’ கதையும் இப்படித்தான். கெல்டிய இனத்தைச் சேர்ந்த காலியர்கள் எதிரியின் தலையை வெற்றிச் சின்னமாகக் குதிரையின் கழுத்தில் தொங்கவிட்டதையும், பெருமைக்குரிய தலைகளைத் தேவதாரு எண்ணெயிட்டுப் பாதுகாத்ததையும் டியோடோரஸும் ஸ்ட்ராபோவும் சொல்கிறார்கள். இவ்வளவு மதிப்போடு வைத்திருந்த பொருளை எதிரி மீது வீசும் எறிபடையாக்கியது விளையாட்டு. ரோமானியர்களின் முகமூடி அணிந்த மறைபடையான ‘அர்கானி’ நான்காம் நூற்றாண்டு எழுத்தாளர் அம்மியானஸ் மார்செலினஸ் குறிப்பிடும் எல்லை ஒற்றர்களின் பெயரில் வருகிறது. பிரிட்டனில் நெடுந்தூரம் அலைந்து அயல் இனங்களின் நடமாட்டத்தைத் தெரிவிப்பது அவர்கள் வேலை, காட்டிக்கொடுத்ததற்காக நீக்கப்பட்டவர்கள். அவர்களை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னே இழுத்து வந்து, கொலைத் தொழில் வல்லவர்களாக நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்த எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படும். எதுவும் வெறும் கற்பனை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பழைய நூலில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் அந்த வரியை எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். தம் வாசகருக்கு வியப்பூட்டியதை அவர்கள் குறித்துவைத்தார்கள். விளையாட்டை வடிவமைப்பவர்கள் அந்த வியப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றியிருந்த வாழ்க்கையை விட்டுவிட்டார்கள். காலியர்களுக்கு நேர்ந்தது இதற்குத் தெளிவான சான்று. விளையாட்டுகளில் அவர்கள் பெரும்பாலும் வெற்று மார்போடு, ஒழுங்கின்றி ஓடிவரும் கூட்டமாகத்தான் வருவார்கள். கி.மு. 225இல் டெலமோன் போரில் கெசாட்டே என்ற கூலிப்படையினர் ஆடையின்றி முன்வரிசையில் நின்றார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியது உண்மை. அவர்களோடு நின்ற இன்சுப்ரேயர்களும் போயியர்களும் கால்சட்டையும் மேலங்கியும் அணிந்திருந்தார்கள் என்று அதே இடத்தில் அவர் எழுதியதும் உண்மை. ரோமானிய வீரன் என்றவுடன் நினைவுக்கு வரும் இரும்பு வளையச் சங்கிலிக் கவசத்தைக் காலியர்களே கண்டுபிடித்தார்கள் என்கிறார் ரோமானிய அறிஞர் வாரோ. ருமேனியாவின் சியூமெஷ்ட்டியில் கெல்டிய வீரனொருவனின் புதைகுழியில் கிடைத்த சங்கிலிக் கவசம் அதற்கு வலுச்சேர்க்கிறது. ரோமானியர்கள் அணிந்த தலைக்கவசங்களில் சில வகைகளும் கெல்டியக் கொல்லர்களிடமிருந்து வந்தவை. கவசத்தைச் செய்துகொடுத்தவர்கள் திரையில் கவசமின்றி நிற்கிறார்கள். வாங்கி அணிந்தவர்கள் தொழில்நுட்பத்தில் சிறந்தவர்களாகத் தோன்றுகிறார்கள்.

எண்ணிக்கை தவறும்போது நடப்பதைக் காண ஸ்பார்ட்டாவுக்குப் போக வேண்டும். வட்டக் கேடயமும் குத்தீட்டியும் ஏந்திய ஸ்பார்ட்ட வீரர்கள் இத்தகைய விளையாட்டுகளில் எப்போதும் மற்றக் காலாட்படைகளை மிஞ்சும் உயர்நிலைப் படையாக வருவார்கள். பணமும் காலமும் இருந்தால் எத்தனை பிரிவுகள் வேண்டுமானாலும் திரட்டலாம். கி.மு. 480இல் ஸ்பார்ட்டாவில் எண்ணாயிரம் குடிமக்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸ் குறிக்கிறார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவிலோ முழு உரிமை பெற்ற ஸ்பார்ட்டர்கள் எழுநூறு பேருக்கு மேல் இல்லை என்கிறார் புளூட்டார்க். நிலம் சிலரிடம் குவிந்தது. பொதுப் பந்திக்குத் தன் பங்கைத் தர முடியாதவன் குடியுரிமையை இழந்தான். குடியுரிமை போனால் அந்தப் படையில் இடமும் போனது. கடைசியில் மூன்றாம் கிளியோமெனஸ் கி.மு. 227இல் நிலத்தைப் பங்கிட்டு, குடிமக்கள் தொகையைப் பெருக்கி நாலாயிரம் வீரர்களைத் திரட்டியபோது அவர்கள் கையில் கொடுத்தது பழைய குத்தீட்டியை அல்ல, இரு கைகளால் பிடிக்கும் மக்கெடோனிய ஈட்டியை. ஐந்தே ஆண்டுகளில் செலாசியாவில் அந்தப் படை தோற்றது. ஒரு புகழ்பெற்ற படை எதிரியால் அழிவதற்கு முன்பே சொந்த ஊரின் சமத்துவமின்மையால் தேய்ந்துபோனது என்பதுதான் ஸ்பார்ட்டா தரும் பாடம். வற்றாமல் வந்துகொண்டே இருக்கும் ஸ்பார்ட்டப் படைப்பிரிவு அந்தப் பாடத்தை அப்படியே மறைத்துவிடுகிறது.

இந்த விளையாட்டுகள் நன்றாகச் செய்த இடத்தையும் சொல்ல வேண்டும். ரோமின் தொடக்ககாலப் படை ஓரளவு சான்றுகளோடு பொருந்தியே வருகிறது. முன்வரிசையில் இளைஞர்களான ஹஸ்தாட்டி, நடுவில் பருவம் முதிர்ந்த பிரின்கிபெஸ், கடைசியில் நீண்ட ஈட்டியோடு அனுபவசாலிகளான திரியாரி, இவர்களுக்கு முன்னால் எறிவேல் வீசும் வெலிட்டெஸ் என்ற அமைப்பு பாலிபியஸ் எழுதிய வரலாற்றின் ஆறாம் நூலில் எண்ணிக்கையோடு விளக்கப்பட்டிருக்கிறது. நாலாயிரத்து இருநூறு பேர் கொண்ட ஒரு லீஜியனில் ஹஸ்தாட்டி 1200, பிரின்கிபெஸ் 1200, திரியாரி 600, அதோடு 300 குதிரை வீரர்கள். ஆனால் இங்கும் மாற்றம் என்று வந்தவுடன் விளையாட்டு தடுமாறுகிறது. இத்தாலியில் குறிப்பிட்ட ஒரு பெருங்கட்டடத்தை எழுப்பியதும் ‘மாரியஸ் சீர்திருத்தம்’ அறிவிக்கப்பட்டு, பழைய படைவகைகள் மறைந்து புதிய தொழில்முறைப் படை வந்துவிடுகிறது. கி.மு. 107இல் கயஸ் மாரியஸ் சொத்தில்லாதவர்களையும் தன் படையில் சேர்த்துக்கொண்டார் என்பது சலுஸ்ட் தரும் செய்தி. ஆனால் படையில் சேரத் தேவையான சொத்தின் அளவு அதற்கு முன்பே குறைந்துவந்தது. கோஹார்ட் என்ற அணியும் மாரியஸுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. ஒரு மனிதர் ஒரே ஆண்டில் அனைத்தையும் மாற்றினார் என்ற எண்ணத்தை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் கைவிட்டுவிட்டார்கள்.

“இது விளையாட்டுதானே?” என்பது இதற்கு எழும் முதல் மறுப்பு. விளையாடுபவருக்கு ஒவ்வொரு நாடும் வேறுபட்டுத் தெரிய வேண்டும். எகிப்து, சிரியா, மக்கெடோனியா என மூன்று நாடுகளுக்கும் ஒரே நீள் ஈட்டிப் படையைக் கொடுத்தால் சலித்துப்போகும் என்று வடிவமைப்பாளர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் உண்மையான தாலமி எகிப்தில் தேர்களைவிடச் சுவையான வேறுபாடு காத்திருக்கிறது. கி.மு. 217இல் சிரியாவை ஆண்ட மூன்றாம் ஆன்டியோகஸ் 62,000 காலாட்கள், 6,000 குதிரை வீரர்கள், 102 யானைகளோடு வந்தார் என்கிறார் பாலிபியஸ். நான்காம் தாலமியிடம் கிரேக்க, மக்கெடோனிய வீரர்கள் போதவில்லை. அமைச்சர் சொசிபியஸ் அதுவரை எந்தத் தாலமியும் இந்த அளவில் துணியாததைச் செய்தார்: எகிப்திய மண்ணின் மக்கள் இருபதாயிரம் பேருக்கு மக்கெடோனிய ஆயுதம் கொடுத்துப் பயிற்சியளித்தார். ராஃபியா களத்தில் தாலமியின் ஆப்பிரிக்க யானைகள் இந்திய யானைகளுக்கு அஞ்சி ஓடின, இடப்புறம் சிதறியது, ஆனாலும் நடுவில் நின்ற ஃபாலங்ஸ் முன்னேறி வென்றது. அந்த வெற்றி எகிப்தியர்களுக்குத் தங்கள் வலிமையைக் காட்டிவிட்டது. அன்றைய தேவைக்குச் சரியான அந்த முடிவு எதிர்காலத்துக்குத் தவறாகிப்போனது என்பது பாலிபியஸின் தீர்ப்பு. சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின் தெற்கு எகிப்து கிளர்ந்தெழுந்து, கி.மு. 186 வரை தன் சொந்த ஃபாரோக்களின் கீழ் இருந்தது.

ஒரு வியூக விளையாட்டுக்கு இதைவிடக் கூர்மையான சிக்கல் வேண்டுமா? உள்ளூர் மக்களைப் படையில் சேர்த்தால் இன்றைய போரில் வெல்லலாம், நாளை ஆட்சியே ஆட்டம் காணலாம். சேர்க்காவிட்டால் நாளை என்பதே இல்லாமல் போகலாம். ஆயிரம் ஆண்டுப் பழைய தேர்களை இறக்குவதால் இப்படியொரு முடிவு விளையாடுபவரின் முன் வருவதே இல்லை. வரலாற்று உண்மையும் விளையாட்டுச் சுவையும் எதிரெதிர் தட்டில் இருக்கின்றன என்ற நினைப்பு இங்கே பொய்த்துப்போகிறது. இதை ரசிகர்களே செய்தும் காட்டியிருக்கிறார்கள். ‘யூரோப்பா பார்பரோரம்’ என்ற மாட், அதாவது ஆர்வலர்கள் கூடி ஊதியமின்றி உருவாக்கிய மாற்றுப் பதிப்பு, அதே ‘ரோம்: டோட்டல் வார்’ விளையாட்டுக்குள் படைப்பிரிவுகளை மறுபடி ஆராய்ந்து அமைத்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் அந்தந்த மக்களின் மொழியிலேயே பெயர் சூட்டி, நீண்ட வரலாற்று விளக்கத்தையும் சேர்த்தது. அதைப் பொறுமையாக விளையாடிய பெருங்கூட்டம் உருவானது. மூல நிறுவனமும் 2013இல் ‘ரோம் II’ வெளியிட்டபோது எகிப்துக்கு நீள் ஈட்டிப் படையைக் கொடுத்தது. திருத்த முடியும், திருத்தினாலும் விற்கும் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பழங்காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததே குறைவு, நூல்கள் ஒருதலைப்பட்சமானவை, எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை, அப்படியிருக்க எதோடு ஒப்பிட்டுத் துல்லியம் கேட்பது என்பது அந்தக் கேள்வி. தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்புவதும், தெரிந்த ஒன்றுக்கு மாறாகச் சொல்வதும் ஒன்றல்ல என்பது என் பதில். ஒரு ஜெர்மானிய வீரனின் மேலாடை என்ன நிறம் என்பது ஊகம். அதில் யாரும் குறை காண வேண்டாம். கி.மு. 270இல் எகிப்தை ஆண்டது யார் என்பதில் ஊகத்துக்கு இடமே இல்லை. சான்றின் எல்லைக்குள் நின்று விளையாட்டு அமைக்கும் மரபும் இத்தகைய கணினி விளையாட்டுகளுக்கு முன்பே தோன்றியது. மேசை மீது சிறு பொம்மை வீரர்களை வைத்து ஆடுவோருக்காக பிரிட்டனில் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் 1969 முதல் விதிநூல்களை வெளியிட்டது. ஃபில் பார்க்கர் போன்றோர் தொகுத்த அதன் படைப்பட்டியல்களில் ஒவ்வொரு படைக்கும் தொடக்க ஆண்டும் முடிவு ஆண்டும் உண்டு; எந்த வகை வீரர்கள் குறைந்தது எத்தனை இருக்க வேண்டும், கூடியது எத்தனை இருக்கலாம் என்ற வரம்பும் உண்டு. காலப் பிழைக்கும் எண்ணிக்கைப் பிழைக்கும் இப்படி ஒரு எளிய வேலி போட்டுவிட்டார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஃபிலிப் சேபின் 2007இல் எழுதிய ‘லாஸ்ட் பேட்டில்ஸ்’ நூல் ஒரு படி மேலே போய், பழங்காலப் போர்களை ஆராயும் கருவியாகவே விளையாட்டைப் பயன்படுத்தியது.

மூன்றாவதாக ஒருவர் கேட்கலாம்: எந்த விளையாட்டும் சுருக்கம்தானே? கன்னே போரில் ரோமானியர் எண்பதாயிரம் பேர் என்கிறார் பாலிபியஸ். ‘ரோம்: டோட்டல் வார்’ ஒரு படையில் இருபது பிரிவுகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை, மிகப் பெரிய அளவில் வைத்தாலும் சில ஆயிரம் வீரர்கள்தான். சுருக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நன்கு சுருக்கினால் உண்மை இன்னும் துலங்கும். ஃபாலங்ஸையே எடுத்துக்கொள்வோம். பதினான்கு முழ நீள ஈட்டிகளில் ஐந்து வரிசைகளின் முனைகள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். ரோமானியர்கள் இடைவெளி விட்டு நிற்பதால் ஒருவன் பத்து ஈட்டி முனைகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்று பாலிபியஸ் கணக்கிட்டுக் காட்டுகிறார். சமதரையில் நேருக்கு நேர் அதை எதனாலும் நிறுத்த முடியாது. மேடுபள்ளத்தில் அணி குலைந்தாலோ பின்னாலிருந்து தாக்கினாலோ அதனால் திரும்பிப் போரிட முடியாது. கி.மு. 197இல் சைனோஸ்கெஃபலே குன்றுகளில் ரோமானிய அதிகாரி ஒருவர் சுமார் இருபது அணிகளைத் திருப்பிக் கொண்டுபோய் மக்கெடோனிய ஃபாலங்ஸின் முதுகில் மோதியதும் போர் முடிந்தது. முன்புறம் அசைக்க முடியாத, பக்கமும் பின்னும் பலவீனமான ஈட்டிக் காடு என்ற இந்த இயல்பை விளையாட்டுகள் அருமையாகப் பிடித்திருக்கின்றன. வீரர் எண்ணிக்கை சுருங்கியது; படையின் இயல்பு சுருங்கவில்லை. இதே அக்கறையைப் படையின் பிறப்பிடத்துக்கும் காட்டினால் போதும் என்பதே கோரிக்கை.

புராணத்தையும் காவியத்தையும் விரும்புவோரின் வாயை அடைக்கவும் தேவையில்லை. 2019இல் வந்த ‘டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்’ இதற்கு நேர்மையான வழியைக் காட்டியது. சீனாவின் மூன்று அரசுகள் காலத்தை ஒட்டிய அந்த விளையாட்டைத் தொடங்கும்போதே இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்று, பதினான்காம் நூற்றாண்டு நாவலான ‘மூன்று அரசுகளின் காதை’யைப் பின்பற்றுவது, அதில் லூ பூ போன்ற தளபதிகள் தனியாளாக நூற்றுக்கணக்கானவர்களை வீழ்த்துவார்கள். மற்றது, மூன்றாம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய வரலாற்றுப் பதிவுகளை ஒட்டியது. அதில் தளபதிகள் மெய்க்காவல் படையோடு வரும் சாதாரண மனிதர்கள். ட்ரோஜன் போரைப் பற்றிய ‘ட்ராய்’ விளையாட்டும் 2021இல் புராண முறை, புராணத்துக்குப் பின்னுள்ள உண்மையைத் தேடும் முறை, வரலாற்று முறை என்று பிரித்துத் தந்தது. கதையைக் கதை என்று சொல்லித் தருகிறபோது யாரும் ஏமாற்றப்படுவதில்லை. எகிப்தின் தேர்களில் குறை, அவை கற்பனை என்பதல்ல, கி.மு. 270 என்ற ஆண்டின் பெயரால் அவை உண்மை போல் தரப்பட்டன என்பதுதான்.

பழங்காலத்தைத் தாண்டி இடைக்காலத்துக்கு வந்தால் தமிழரின் படையும் இந்தக் கேள்விக்குள் வருகிறது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் II’ விளையாட்டில் முன்பு ‘இந்தியர்கள்’ என்ற ஒரே நாகரிகம்தான் இருந்தது. 2022இல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ அதைப் பிரித்து ‘திராவிடர்கள்’ என்ற நாகரிகத்தையும் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளையும் சேர்த்தது. அதில் குதிரைப்படை பலவீனம், காலாட்படையும் கப்பலும் பலம். தென்னாட்டுக்கு நல்ல குதிரைகள் கடல் வழியாகவே வரவேண்டியிருந்தது என்பதால் இது பொருத்தமான முடிவு. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் குதிரைகள் பெருஞ்செலவில் இறக்குமதியானதை மார்கோ போலோ பதிவு செய்திருக்கிறார். ஆனால் இந்த நாகரிகத்தின் தனிச்சிறப்புப் படையாக வருபவர்கள் சுருள்வாள் வீரர்கள். களரிப்பயிற்றில் புகழ்பெற்ற அந்த ஆயுதத்தைச் சுழற்ற ஆளைச் சுற்றி வெளி வேண்டும். அணிவகுத்து நெருங்கி நிற்கும் காலாட்படைக்கு அது ஒவ்வாது. சோழர் கல்வெட்டுகள் வில்லிகள், வாள்பெற்ற கைக்கோளர், குதிரைச் சேவகர், குஞ்சரமல்லர், வேளைக்காரர் என்று படைகளைப் பெயர் சொல்லியே குறிக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இத்தகைய படைகள் கோயில் அறக்கட்டளைகளில் பொறுப்பேற்ற அமைப்புகளாகவும் தெரிகின்றன. ஊரோடும் கோயிலோடும் பொருளாதாரத்தோடும் பின்னிப்பிணைந்த இந்தப் படைகளை விட்டுவிட்டுக் கண்ணைக் கவரும் வாளைத் தேர்ந்தது, ஜெர்மானியருக்கும் காலியருக்கும் நடந்ததன் தொடர்ச்சியே.

எந்த மக்களின் படைகள் ஓரளவு சரியாக வருகின்றன, எவருடையவை வேடிக்கையாகின்றன என்று பார்த்தால் ஒரு கணக்கு தெளிவாகிறது. ரோமானியர்களும் கிரேக்கர்களும் தங்களைப் பற்றி எழுதிவைத்தார்கள். அவர்களுக்கு ஒழுங்கும் வகைப்பாடும் கிடைக்கின்றன. ஜெர்மானியர்களும் பிரித்தானியர்களும் காலியர்களும் தம் கையால் எழுதிய வரலாறு நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு எதிரிகள் வியந்து எழுதிய வரிகள் மட்டும் மிஞ்சுகின்றன. நூல்கள் ஏற்படுத்திய இந்த ஏற்றத்தாழ்வை விளையாட்டுகள் இன்னும் பெரிதாக்கித் தருகின்றன. அதை ஈடுசெய்ய அகழாய்வு இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, பாப்பிரஸ் சுவடிகள் இருக்கின்றன. சான்றை மதித்துத் தொகுத்த படைப்பட்டியல்களின் அரை நூற்றாண்டு அனுபவமும் இருக்கிறது. ஆகவே வடிவமைப்பாளர்களிடம் கேட்க வேண்டியது நிறைவான துல்லியத்தை அல்ல. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் காலத்தையும் அளவையும் சான்றையும் அதன் விளக்கத்திலேயே சொல்லுங்கள், ஊகமாக இருந்தால் ஊகம் என்று எழுதுங்கள், ரோமுக்குக் காட்டும் அக்கறையை ரோமோடு போரிட்டவர்களுக்கும் காட்டுங்கள் என்பதுதான். விளையாடும் பிள்ளைகளும் பெரியவர்களும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: திரையில் ஒரு படைப்பிரிவைப் பார்க்கும்போது இதன் தாக்குதல் வலிமை எவ்வளவு என்று கேட்பதோடு, இவர்கள் யார், யார் இவர்களை அழைத்தார்கள் என்றும் கேட்பது. அந்தக் கேள்வியோடு விளையாடுகிறவர் தோற்றாலும் வரலாற்றில் கொஞ்சம் முன்னேறியிருப்பார்.